இறங்க முடியாத சைக்கிள்

வடக்குச்செவல் மேலத்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கப் பார்த்தவர்களுக்குக் காலடியில் தரை இல்லாமல் போன அந்த ஆடி மாதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், முதலில் காற்றைத்தான் சொல்வார்கள். அந்த வருஷம் காற்று கொஞ்சநஞ்சமாக அடிக்கவில்லை. கூரையில் ஓட்டைப் பிரித்தது, காயப்போட்ட சேலையை அடுத்த ஊர் வேலியில் கொண்டுபோய் மாட்டியது, ஊரைச் சுற்றி நின்ற முந்நூறு மின்சாரக் காத்தாடிகளையும் சாமியாட விட்டது. இரண்டாவதாகப் பேச்சித்தாயைச் சொல்வார்கள். மூன்றாவதாக அவளுடைய சைக்கிள் ஹேண்டில்பாரைச் சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

பேச்சித்தாய் கீழத்தெருப் பிள்ளை, வயது இருபத்திரண்டு, காத்தாடிக் கம்பெனி ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. கீழத்தெருவிலிருந்து நாற்கரச் சாலைக்குப் போக மேலத்தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. கருவேலங்காட்டுக்குள் ஒற்றையடிப்பாதை ஒன்று உண்டு, அதில் போனால் டயர் மிஞ்சாது. மேலத்தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கல் நட்டிருந்தது. கல்லுக்கு வந்ததும் கீழத்தெருக்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டி, இருநூற்று நாற்பது காலடி உருட்டிக்கொண்டே நடந்து, அடுத்த கல்லுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் மறுபடி ஏற வேண்டும். மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டினார்கள். இப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

ஆடி மூன்றாம் ஞாயிறு மாவட்ட சைக்கிள் பந்தயம், நாற்பது கிலோமீட்டர். முதல் இரண்டு பேருக்கு மாநில அணியில் இடம். போன வருஷம் பேச்சித்தாய் மூன்று நிமிஷத்தில் அதைத் தவறவிட்டாள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். அவளிடம் இருந்தது கம்பெனி எஞ்சினியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன, நேர் ஹேண்டில்பார் வைத்த கியர் சைக்கிள். நல்ல வண்டிதான். ஆனால் அதில் நிமிர்ந்துதான் உட்கார முடியும். நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சு பாய்மரமாகிவிடும், ஆடிக் காற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். வளைந்த ஹேண்டில்பார் போட்டுக் குனிந்து மிதித்தால் நாலு நிமிஷம் மிச்சம் என்று பந்தயத்துக்கு வந்த பயிற்சியாளர் அம்மா சொல்லியிருந்தார். அந்த நாலு நிமிஷத்தை அவள் ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தாள்.

ஊர்ப்பாதை பிரிகிற சாலை விலக்கில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜெபமணி அண்ணாச்சி ஒரு செவ்வாய்க்கிழமை அதை மாட்டிக் கொடுத்தார். பழைய கம்பியைக் கழற்றி, கிடாக்கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே சுருண்ட புதுக் கம்பியை ஏற்றினார். கை ரொம்ப எட்டிப் போகிறது என்று கழுத்துப் பாகத்தைக் குட்டையாக மாற்றினார். பழைய கியர் லீவர் புதுக் கம்பியின் தடிமனுக்கு நுழையாததால் அதைக் கழுத்தோரமாகக் கட்டினார். புது பிரேக் லீவர் வைத்து, புது ஒயர் இழுத்து, கறுப்பு நாடாவை ஒரு சுருக்கம் விழாமல் சுற்றினார். ஒன்றே ஒன்றில்தான் மனுஷன் கோட்டை விட்டார். பழைய பிரேக்குக்கு ஒயர் நீளமாக இழுபட வேண்டும்; புது லீவர் இழுக்கிறதோ அதில் பாதி. பிரேக் கட்டை சக்கரத்தைத் தொட்டது, பிடிக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, மேற்கேயிருந்து அடித்த மேல்காற்று முதுகில் தள்ள, பேச்சித்தாய் மேலத்தெருக் கல்லை நோக்கி வந்தாள். லீவரை அழுத்தினாள், சைக்கிள் நிற்கவில்லை. கல்லைத் தாண்டிவிட்டது. வலது காலை நீட்டித் தரையில் ஊன்றினாள். தரை இல்லை. கால் போன அளவுக்குத் தரையும் கீழே போனது. இன்னும் நீட்டினாள், இன்னும் போனது. குனிந்து பார்த்தபோது செருப்புக்கு ஒரு சாண் கீழே ஈரச் செம்மண் தெரிந்தது. சக்கரம் உருண்ட இடத்தில் மட்டும் தெரு தெருவாகவே இருந்தது. இரண்டு பக்க வாசலிலும் பேச்சு நின்றது. ஊர்ப்பெரியவர் கோமதிநாயகம் வாசல்படியில் டீ தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்துக்கு நேராக, செருப்புக் காலோடு, ஏறிய வண்டியில் அவள் கடந்து போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேலத்தெருவிலிருந்து கூப்பிட ஆள் வந்துவிட்டது. அவளைப் பெற்ற அய்யா சுடலைக்கண்ணு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோமதிநாயகத்தின் வாசலில் போய் நின்றார். மேலத்தெருக்காரர்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் தண்ணீர் பாய்ச்சியவர்; அந்த முப்பது வருஷமும் முதுகில் தெரியும்.

"ஏலே சுடலைக்கண்ணு, ஒம் மக எறங்காமப் போயிருக்கா. என்ன சொல்லுத?"

"புது பிரேக்கு மொதலாளி, பிடிக்கலையாம்."

"பிரேக்கு பிடிக்கலன்னா காலு இருக்குல்லா?"

"காலத்தான் ஊனுனேன்," என்றாள் பின்னால் நின்ற பேச்சித்தாய். "தரை இல்ல."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் என்று ஒருவர் முனகினார். கோமதிநாயகம் மீசையைத் தடவினார். பிறகு, வடக்குச்செவலில் மட்டும் சொல்லக்கூடிய தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். அவமானம் எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்தில்தான் அது கழிய வேண்டும். ஆகவே நாளை ஐந்து மணிக்கு அவள் அதே சைக்கிளில் ஏறி வந்து, அதே வாசலுக்கு நேராக, ஊர் பார்க்க இறங்கிக் கும்பிட வேண்டும். ஏறி வரக் கூடாத தெருவில் இறங்குவதற்காக ஏறி வரலாம் என்று அன்றைக்கு அனுமதி ஆயிற்று. அதில் இருந்த கோணல் யாருக்கும் உறைக்கவில்லை, உறைத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் சைக்கிளை ஜெபமணியிடம் உருட்டிக்கொண்டு போனாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஒயர் பாதையில் ஒரு சின்ன உருளையை வைத்து இழுவையை இரட்டிப்பாக்கினார். பிரேக் இப்போது இரும்புப் பிடியாகப் பிடித்தது. ஐந்து மணிக்குத் தெருவே கூடியிருந்தது. பேச்சித்தாய் ஏறி வந்தாள், வாசலுக்கு நேராக பிரேக்கை அழுத்தினாள், சைக்கிள் அசையாமல் நின்றது, காலை இறக்கினாள். எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு சாண், ஒரு முழம் என்று அவள் கால் போகப் போகத் தரை பதவிசாக இறங்கிக் கொடுத்தது. சைக்கிள் ஒரு நிமிஷம் நின்றதும் சக்கரத்தடி மண்ணும் நழுவத் தொடங்கியது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அவள் பெடலை மிதித்து, கீழக்கல்லைத் தாண்டிப் போய்த் தன் தெருவில் இறங்கினாள். அங்கே தரை எப்போதும் போலக் கெட்டியாக இருந்தது. எப்படியாவது இறங்கிக் கும்பிட்டுத் தொலைத்துவிட வேண்டும் என்றுதான் அவளும் வந்திருந்தாள்.

அவமானம் இரண்டாயிற்று. அடுத்த நாள் ஐந்து மணிக்கு மறுபடி வரச் சொன்னார்கள்; மூன்றாயிற்று. இதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. மின்சாரம் போவதற்குப் பழகியதைப் போலத்தான் தரை போவதற்கும் பழகினார்கள். பஞ்சாயத்து கிளார்க் டேப்பைப் பிடித்து, ஒரு முழம் நாலு விரல் என்று நோட்டில் குறித்தார். ஒரு டிராக்டர் சரளை அடித்து நிரவினார்கள். சரளையும் மண்ணோடு சேர்ந்து மரியாதையாகக் கீழே போனது. அவள் கடந்ததும் தரை திரும்ப மேலே வரும், ஆனால் ஒரு விரற்கடை குறைவாக வரும். அந்தப் பள்ளங்களில் கோழிகள் மண்குளித்தன. ஆடியில் சாமி தூங்கும், என்னிடம் கேட்காதே என்று சாமியாடி ஒதுங்கிக்கொண்டார். காத்தாடி அதிர்வுதான் காரணம் என்று கம்பெனி ஆள் ஒருவர் சொன்னதை, அதில் சைக்கிளும் வராமல் கீழத்தெருவும் வராமல் இருந்ததால், மேலத்தெரு ஒருநாள் முழுக்க நம்பியது. பக்கத்து ஊர்க்காரர்கள் சாயங்காலமானால் வந்து நின்றார்கள். வேர்க்கடலை வண்டி ஒன்று வந்தது.

நடந்து போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற சைக்கிள்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு சைக்கிளில் ஏறியவருக்கு, அந்த ஒரு தெருவில் மட்டும், இறங்க இடமில்லை.

"கொம்புதான் காரணம்," என்று வியாழக்கிழமை சாயங்காலம் கோமதிநாயகம் முடிவு சொன்னார். "பழைய கம்பிய மாட்டி, எறங்கிக் கும்பிடட்டும். அது வரைக்கும் கீழத்தெருவுக்குத் தண்ணி கெடையாது." மேல்நிலைத் தொட்டியிலிருந்து கீழத்தெருவுக்குப் போகிற குழாயின் வால்வு மேலத்தெருவில் இருந்தது. அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கெல்லாம் கீழத்தெருவில் குடம் காய்ந்துவிட்டது. சுடலைக்கண்ணு விலக்குக்குப் போய், ஜெபமணியிடம் கிடந்த பழைய ஹேண்டில்பாரைச் சாக்கில் சுற்றி வாங்கி வந்து மகள் முன்னால் வைத்தார்.

"மாட்டிரு தாயி."

"ஞாயித்துக்கிழம ஓட்டிட்டு மாட்டுதேன்யா."

"அதுக்குள்ள ஆடுமாடு செத்துப்போகும். எம் பேச்சக் கேளு. எறங்கி நடக்கதுல என்ன கொறஞ்சு போச்சு? நா நடக்கலையா, எங்கய்யா நடக்கலையா?"

"எறங்கத்தான் பாக்கேன். நீங்களுந்தான பாத்தீய?"

அவர் பார்த்திருந்தார், பார்த்ததில் அவருக்குப் பயம் வந்ததா சந்தோஷம் வந்ததா என்று அவருக்கே பிடிபடவில்லை, அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. வெளியே தண்ணீர்க் குடத்தோடு இரண்டு மைல் நடந்து வந்த குருவம்மா வாசலில் நின்றாள். மூன்று பிள்ளைக்காரி, குழாயடியில் அவளுடைய வாய்க்குத் தெருவே அடங்கும். திட்டப்போகிறாள் என்று பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு குடம் ஒங்க வீட்டுக்கும் எறக்குதேன்," என்றாள் குருவம்மா. "ரெண்டு நாள் தாங்குவோம். ஆனா தோத்துட்டு வந்தேன்னு வையி, கொம்ப நானே பிடுங்கி ஒங் கையில தருவேன்."

எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. எதிர்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பேச்சித்தாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தெருவின் தாகத்தை முதுகில் கட்டிக்கொண்டு எப்படி நாற்பது கிலோமீட்டர் மிதிக்க முடியும்?

சனிக்கிழமை காலையில் கோமதிநாயகத்துக்கு ஒரு செய்தி வந்தது. அவர் தம்பி மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், தரை நிற்காத தெருவில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் தம்ளரைப் படியில் வைத்தார், வைத்ததில் டீ சிந்தியது. வாலிபத்தில் அவர் பொங்கலுக்குப் பொங்கல் மெதுசைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தவர். காலைத் தரையில் ஊன்றாமல் ஒரே இடத்தில் கால் மணி நேரம் சைக்கிளை நிறுத்திவைத்திருந்தவர். சைக்கிளைப் பற்றி ஒரு பொட்டப்பிள்ளை அவருக்குக் கதை சொல்வதா?

"கொண்டாங்கலே அந்த வண்டிய," என்றார். "நா ஏறி, நா எறங்கிக் காட்டுதேன். நா எறங்கிட்டேன்னா அவ நடிச்சிருக்கா. இந்தத் தெரு நடுவுல வச்சு அத எரிக்கணும்."

பேச்சித்தாய் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். மேலத்தெருக்காரர்கள் தொடுமுன் அதன் மேல் மஞ்சள்தண்ணீர் தெளித்தார்கள், கீழத்தெருவில் இரண்டு நாளாக இல்லாத தண்ணீர். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கிவிட்டால் பந்தயமும் போயிற்று, சைக்கிளும் போயிற்று, பொய்க்காரி என்ற பேர் மட்டும் மிஞ்சும். கூட்டத்துக்குப் பின்னால் அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். ஹேண்டில்பாரின் வளைவைத் தொடவில்லை. நடுக்கம்பியை மட்டும் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, ராஜா மாதிரிதான் போனார். பத்து வீடு தாண்டித் திரும்பி வந்து, தன் வாசலுக்கு நேராக நிறுத்தி, வலது காலை இறக்கினார். செருப்பு முதலில் போயிற்று. அது கீழே விழுந்த சத்தம் கேட்கக் கொஞ்ச நேரம் ஆனது. இடது காலை இறக்கினார், அந்தச் செருப்பும் போயிற்று. சக்கரத்தடி மண் நழுவியது, "ஐயோ!" என்று பெண்கள் கத்தினார்கள், அவர் பெடலை மிதித்தார்.

மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். நாலு வாலிபர்கள் ஓடிப் போய்த் தாங்கி இறக்கப் பார்த்தார்கள், அவருக்கு நேர்கீழே தெரு கிணறாக வாயைத் திறந்ததைப் பார்த்து, "விட்ருங்கலே, விட்ருங்க!" என்று அவரே அலறிவிட்டார். அரை மணி நேரத்தில் ஊர் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. முன்னொரு காலத்தில் ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் சுற்றிய வித்தைக்காரன் ஒருவன் ஊருக்கு வந்திருந்தான். அவனுக்குச் செய்ததைப் போலவே இவருக்கும் செய்தார்கள். கூடவே ஓடி இட்லி ஊட்டினார்கள். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஓடினார்கள். யாரோ பழக்க தோஷத்தில் மாலைகூடப் போட்டுவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் கை தட்டினார்கள், அந்தக் கைதட்டலில் அவர் முகம் கறுத்துப் போயிற்று.

தன் வாசலில்தான் இறங்குவேன் என்று அவர் வீம்பாகச் சுற்றிக்கொண்டிருக்க, பத்து மணிக்கு மேல்காற்று எழுந்தது. நாற்கரச் சாலைப் பக்கத்துக் கல்லைத் தாண்டிவிட்டால் இறங்கிவிடலாம் என்று எல்லோருக்கும் தெரியும்; காற்று வருகிற திசையும் அதுதான். கீழக்கல்லைத் தாண்டினாலும் இறங்கலாம், ஆனால் அது கீழத்தெரு. அவர் முதல்முறை போனார், பாதித் தெருவில் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. இரண்டாம் முறை முக்கால் தெரு. மூன்றாம் முறை கல்லுக்கு இருபது காலடி இருந்தது, கால்கள் துவண்டன, சைக்கிள் தள்ளாடித் திரும்பியது. ஐம்பத்தெட்டு வயது, மூச்சு விசில் அடித்தது. விழுந்தால் எவ்வளவு ஆழத்துக்குப் போவார் என்று கிளார்க்கின் டேப்புக்குக்கூடத் தெரியாது.

பேச்சித்தாய்க்குப் பொறுக்கவில்லை. அவர் மேல் இருந்த கோபம் ஒரு பக்கம் அப்படியே இருக்க, மூச்சு வாங்கி மிதிக்கிற ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளுக்கு வரவில்லை.

"கொம்பப் பிடிங்க!" என்று கத்தினாள். "கீழ் வளைவப் பிடிச்சு நல்லாக் குனிஞ்சு மிதிங்க, காத்து தலைக்கு மேல போயிரும்! குனிங்க மொதலாளி!"

அவருக்குக் கேட்டது. கேட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கை வளைவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் ஜனம். கீழத்தெரு ஆட்களும் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். தன் தெருவில், தன் வாசலில், இத்தனை பேருக்கு முன்னால் தலையைக் குனிவதா? அவர் இன்னும் நிமிர்ந்தார். காற்றுக்கு அது போதும். ஒரே தள்ளில் சைக்கிளைக் கிழக்கே திருப்பி, அவர் வீட்டைத் தாண்டி, அவர் அண்ணன் வீட்டைத் தாண்டி, கீழக்கல்லைத் தாண்டி, ஐம்பத்தெட்டு வருஷமாக அவர் கால் படாத தெருவுக்குள் கொண்டுபோய்விட்டது.

குழாயடியில் சைக்கிள் நின்றது. கோமதிநாயகம் பயந்து பயந்து வெறுங்காலை நீட்டினார். தரை இருந்தது. அதன் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் மாலை, உதடு வெடித்திருந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்க்காமல், "தண்ணி," என்றார்.

குருவம்மா காலிக் குடத்தை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"குழாய்ல வந்தாத்தான் உண்டு மொதலாளி," என்றாள்.

அவர் குழாயைப் பார்த்தார். அதன் வாயில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தார். சுடலைக்கண்ணு அதை எடுத்துக்கொண்டு போய் வால்வைத் திறந்தார். முதலில் காற்று வந்தது, பிறகு துரு, பிறகு தண்ணீர். கோமதிநாயகம் இரண்டு கையையும் ஏந்திக் குனிந்து குடித்தார். பிறகு செருப்பில்லாத காலோடு, மத்தியான வெயிலில், அந்த இருநூற்று நாற்பது காலடித் தெருவில் தன் வீடு வரைக்கும் நடந்து போனார். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேச்சித்தாய் புறப்பட்டாள். பின்னாலேயே சுடலைக்கண்ணு தன் பழைய சைக்கிளில் வந்தார், தண்ணீர் பாட்டிலும் பழைய ஹேண்டில்பார்ச் சாக்கும் கேரியரில். அதை ஜெபமணியிடம் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கல் வந்தது. அவள் இறங்காமல் போனாள். பின்னால் செயின் சத்தம் ஒரு கணம் நின்றது; பிறகு மறுபடி கேட்டது. இரண்டு வாசலிலும் ஆண்கள் எழுந்து நின்றார்கள். கோமதிநாயகத்தின் வாசல்படியில் டீ தம்ளர் மட்டும் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

அந்த வாசலுக்கு நேராக அவள் வேகத்தைக் குறைத்து, ஒருவருக்கும் தெரியாமல் வலது கால் பெருவிரலைக் கீழே விட்டுப் பார்த்தாள். விரலில் சரளை உரசியது. தரை இருந்தது, கல்லுப் போலக் கெட்டியாக, எல்லாத் தெருவிலும் இருப்பதைப் போல. இறங்க நினைத்தால் இனி இறங்கலாம். இனிமேல் இறங்காமல் போனால், அது தரை செய்த காரியமாக இருக்காது.

"தாயி," என்று பின்னாலிருந்து அய்யாவின் குரல் வந்தது. அறுபது வயது மனுஷர் அந்தத் தெருவில் சைக்கிள் மேல் இருந்து பேசுவது அதுதான் முதல்தடவை. "தாயி, தரை இருக்கா பாரு. இருந்தா எறங்கிருவோம்."

வாசல்களில் நின்றவர்கள் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"இல்லய்யா," என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பேச்சித்தாய் கீழ்வளைவைப் பிடித்துக் காற்றுக்குக் குனிந்தாள். "மிதிங்க!"